கல்லூரி வானொலிக்கு ஊரின் குரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் எங்கள் நிலையத்துக்குப் புது மாணவர்கள் வந்து சேர்வார்கள். முதல் வாரம் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம், "லோகோவை மாற்றலாமா?" என்று கேட்பார்கள். வடசென்னையில் ஒரு கல்லூரியின் சமூக வானொலியை ஒருங்கிணைப்பது என் வேலை. வேறு கல்லூரிகளிலிருந்தும் இதே கேள்விகள் வருகின்றன. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். சட்டம், வரலாறு பற்றிய விவரங்கள் போக மற்றவை என் கருத்துகள்தான். அவற்றை ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கள் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

வானொலிக்குத் தனி அடையாளம் எதற்கு? அலைவரிசை எண்ணைச் சொன்னால் போதாதா?

போதாது. சென்னையில் 90.4 என்று சொன்னால் கிண்டியில் இருப்பவருக்கு அண்ணா எஃப்.எம்., பொத்தேரியில் இருப்பவருக்கு எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் முத்துச்சரம். சமூக வானொலியின் கதிர்வீச்சுத் திறனுக்கு 100 வாட் வரம்பு. கோபுரத்தின் உயரமும் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே அலை நன்றாகப் போனால் பத்து கிலோமீட்டர் போகும். அதைத் தாண்டி அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். எண் என்பது வாடகை வீடு மாதிரி. கதவில் நம் பெயரை எழுதி மாட்டினாலும் சுவர் நமதாகிவிடாது.

இன்னொன்று, இப்போது பாதிப்பேர் கைபேசிச் செயலி வழியாகத்தான் கேட்கிறார்கள். அங்கே எண்ணுக்கு வேலையே இல்லை.

கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த எப்போதிலிருந்து அனுமதி?

அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தரலாம் என்று மத்திய அரசு 2002 டிசம்பரில் முடிவெடுத்தது. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்திலேயே, அங்குள்ள மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விதியை ஒரு தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுவே நல்ல தொடக்கமாகத் தெரிகிறது.

"உள்ளூர் மரபு" என்றால் எதைச் சொல்கிறீர்கள்? கபாலீசுவரர் கோயில், மெரினா, மார்கழிக் கச்சேரி இவையா?

நிலையம் மயிலாப்பூரில் இருந்தால், ஆம். அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதியில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுக்கிறவர்கள் உங்கள் நேயர்கள்தான். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு மயிலாப்பூர்க் குளத்தைப் படம் போட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புகைப்படத்தை நம் வீட்டுக் கூடத்தில் மாட்டிய கதைதான்.

நான் சொல்லும் வழி எளிது. சென்னை வரைபடத்தை விரியுங்கள். உங்கள் கோபுரம் இருக்கும் இடத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றுங்கள். அலை தெளிவாகக் கேட்கும் தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு உள்ளே இருப்பது உங்கள் மரபு. வெளியே இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்தவருடையது.

எங்கள் வட்டத்துக்குள் என்ன வந்தது என்று சொல்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. வள்ளலார் இளமையில் வாழ்ந்த ஏழுகிணறு பகுதி. கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பெயரைத் தாங்கிய வண்ணாரப்பேட்டை. மேற்கே கொஞ்சம் நீட்டினால் பின்னி ஆலை இருந்த இடம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். இவற்றில் ஒன்றுகூடச் சுற்றுலாப் பயணிகளின் அஞ்சலட்டையில் வந்ததில்லை. அதனாலேயே எங்களுக்கு வசதி. வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மரபு என்றால் பழையது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பகுதிப் பெண். தெருமுனை மன்றத்தில் ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் சத்தமும் எங்கள் ஒலிக் களஞ்சியத்தில் இருக்கிறது.

லோகோவில் கோபுரம் வைக்கலாமா?

வேண்டாம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரம் இருக்கிறது. அரசு முத்திரையையோ அதை ஒத்த வடிவத்தையோ பயன்படுத்தக் கூடாது என்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சட்டத்தை விட்டாலும், நகரில் பாதிச் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகையில் கோபுரம் நிற்கிறது.

கோலம், வீணை, யாழ், தாமரை இவற்றுக்கும் இதே பதில். வானொலிக்கு லோகோ இரண்டாம் பட்சம் என்பதையும் நினைவில் வையுங்கள். நேயர் நம்மைக் காதால்தான் அடையாளம் காண்கிறார்.

அப்படியானால் அடையாள இசையை எப்படி உருவாக்குவது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆகாசவாணி காலையில் தொடங்கும்போது வரும் இசை உங்கள் தாத்தா பாட்டிக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தம்பூராவின் மீட்டலுக்கு மேல் தந்திக் கருவியில் எழும் ஒரு சிறு இழை. 1930களில் வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டு இசைக்கலைஞர் அமைத்தது என்பார்கள். அதில் ஒரு சொல்கூட இல்லை. நிலையத்தின் பெயர் இல்லை, எண் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக விடியற்காலை என்றால் அதுதான். அடையாள இசை செய்ய வேண்டிய வேலை இவ்வளவே: ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் காதில் ஒட்டிவைப்பது.

எங்கள் முதல் முயற்சி சொதப்பல். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் இசைத் தொகுப்பு ஒன்றிலிருந்து ஐந்து விநாடி வீணையை வாங்கி, மேலே நிலையத்தின் பெயரைச் சொல்லவைத்தோம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து நிகழ்ச்சிக்கு வந்திருந்த மீன் விற்கும் அக்கா ஒருவர், "டிவியில் கோயில் நிகழ்ச்சி தொடங்கும்போது வருகிறதே, அந்த இசைதானே?" என்று கேட்டார். வீணைமேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு விடியற்காலையில் ஒலிப்பதிவுக் கருவியோடு காசிமேட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் பெட்டிகளை ஈரத் தரையில் இழுக்கும் சத்தம், ஐஸ் உடைக்கும் இயந்திரம், விசைப்படகின் டீசல் இஞ்சின், காக்கைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஏலம் விடுபவரின் குரல். பதினோரு நிமிடம் பதிவு செய்தோம். கூடத்தில் போட்டுக் கேட்டபோது ஐஸ் இயந்திரத்தின் உறுமல்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதையே வைத்து ஆறு விநாடி தயாரித்தோம். பிறகு ஒரு மாணவி அதைத் தன் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். உறுமலைக் காணவில்லை! கைபேசி ஸ்பீக்கர் தாழ்ந்த அதிர்வுகளை விழுங்கிவிடும். நல்ல ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவெடுத்தால் இப்படித்தான் ஏமாற வேண்டும். தவில், பறை, குடம் எதை வைத்துச் செய்தாலும் முதலில் கைபேசியில் கேளுங்கள். அடுத்து, ஓடும் ஷேர் ஆட்டோவில் கேளுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஏலக் குரல். விலை ஏற ஏற அவருடைய குரலும் படிப்படியாக ஏறுவதையும், மீன் கைமாறும் கணத்தில் சட்டென்று இறங்குவதையும் ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்த ஒரு மாணவர்தான் கவனித்தார். நான்கு சுரம் ஏற்றம், ஒரு சுரம் இறக்கம். குரலைப் பயன்படுத்த அவரிடம் அனுமதி கேட்டோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "விலை மட்டும் காதில் விழக் கூடாது. நாளைக்கு எவனாவது வந்து, ரேடியோவில் இவ்வளவுதானே சொன்னாய் என்று சண்டைக்கு நிற்பான்." ஆகவே எண்களை எடுத்துவிட்டு, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் ஹார்மோனியத்தில் வாசித்து, பின்னால் பெட்டி இழுபடும் சத்தத்தை வைத்தோம். மொத்தம் ஐந்து விநாடி. இன்று வரை அதுதான் எங்கள் இசை.

ஒரு பின்குறிப்பு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அந்த 61 நாளும் பெட்டிச் சத்தத்தை எடுத்துவிட்டு, படகில் விழும் சுத்தியல் சத்தத்தை வைக்கிறோம். இதை எங்கும் அறிவிக்கவில்லை. முதல் ஆண்டு மூன்றாம் நாளே துறைமுகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "தடைக்காலத்துக்கு மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார்கள்.

நிலையத்துக்குப் பெயர் வைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வாயில் நுழைகிறதா என்று பாருங்கள். வைத்திருக்கும் பெயரை, வள்ளலார் நகர் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றுகொண்டு, தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் "என்னது?" என்று இரண்டு முறைக்கு மேல் கேட்டால் பெயரை மாற்றிவிடுங்கள்.

அலை, குரல், துளிர், தென்றல், சாரல் ஆகிய ஐந்தும் ஏற்கெனவே களைத்துப்போன சொற்கள். சங்க இலக்கியத்திலிருந்து எடுத்த அரிய சொல்லும் வேண்டாம். அதை விளக்கவே ஒரு நிகழ்ச்சி தேவைப்படும். உங்கள் வட்டத்துக்குள் தினமும் புழங்கும் சொல் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கடலோரத்தில் காற்றுக்கே எத்தனை பெயர்! வாடையும் கொண்டலும் அகராதியிலும் இருக்கின்றன. குப்பத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் அகராதிக்காரர்கள் காணாத பெயர்களும் வரும். 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலம் இங்கிருந்துதான் கடன் வாங்கிப் போனது. நாம் என்னடாவென்றால் பெயருக்கு ஆங்கிலத்திடம் போய் நிற்கிறோம்.

சென்னைத் தமிழில் ஒலிபரப்பலாமா? மதிப்புக் குறையாதா?

யாருடைய மதிப்பு? நாஷ்டா, பேஜார், கலீஜ் என்று உருதுவும், தெலுங்கும், இந்துஸ்தானியும் வந்து கலந்த பேச்சு இது. துறைமுக நகரத்துக்கு இப்படித்தான் பேச்சு அமையும். அந்தச் சொற்களோடு வளர்ந்தவர் மைக்கின் முன் அவற்றைப் பேசினால் அது அவர் வீட்டு மொழி. அண்ணா நகரிலிருந்து வந்த மாணவர் அதைப் பாவனை செய்து பேசினால் கேலி. நேயர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு வாக்கியத்துக்குள் தெரிந்துவிடும். எங்கள் விதி: தொகுப்பாளர் தன் வீட்டில் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே பேசலாம், அடுத்தவர் வீட்டுப் பேச்சை நடிக்கக் கூடாது.

கானாப் பாடல்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம் என்பதைவிட, பாடுகிறவர்களை அழைக்கலாம் என்று சொல்வேன். கானா வடசென்னையின் சொத்து. இழவு வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்து, இறந்தவரின் பெயரையும் வாழ்க்கையையும் கோத்துப் பாடும் மரணக் கானாதான் அதன் அடிவேர். சினிமா அதைத் துள்ளல் பாட்டாக மட்டும் எடுத்துக்கொண்டு போனது. கல்லூரி வானொலியும் அதையே செய்தால், ஏற்கெனவே வெட்டிய கிளையைத் திரும்ப வெட்டுகிறோம் என்று பொருள்.

நடைமுறையில் மூன்று சங்கதிகள். முதலாவது காசு. பாட வருகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். சான்றிதழும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டாவது அனுமதி. ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில், எளிய சொற்களில் இருக்கட்டும். ஒலிபரப்புக்கு மட்டுமா, ஜிங்கிளுக்கும் (நிலையத்தின் அடையாள இசைக்கும்) சேர்த்தா, இணையத்தில் ஏற்றவுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவது, இழவு வீட்டில் பாடியதை நிலைய விளம்பரத்துக்கு வெட்டி ஒட்டாதீர்கள். இந்தத் தவறை நாங்கள் ஒருமுறை செய்தோம். இறந்தவரின் மகள் கல்லூரி வாசலில் வந்து நின்றார். அவர் கத்தவில்லை. "எங்கள் அப்பாவின் பெயருக்கு அடுத்து சோப்பு விளம்பரம் வருகிறது" என்று மட்டும் சொன்னார்.

ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதைகளை அப்படியே ஒலிபரப்பலாமா?

ஒலிபரப்பலாம், ஆனால் இது கதை என்று தெரியும்படி. ராயபுரம் என்பது இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்த பெயர் என்பார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியிலிருந்து வந்தவர், 'தொண்டியார்' பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பார்கள். இரண்டும் அழகான கதைகள். ஒரு பெயரில் கிறித்தவர், இன்னொன்றில் சூஃபிக் கவிஞர், நடுவில் ஒரு தெருதான் தூரம். இதைவிட நல்ல நிலைய அறிமுகம் வேண்டுமா?

ஆனால் எழுத்துப் பிரதியில் நாங்கள் மூன்று வகைத் தொடக்கம் வைத்திருக்கிறோம். ஆவணம் பார்த்திருந்தால் "பதிவுகளின்படி". கேள்விப்பட்டது என்றால் "ஊரில் சொல்வார்கள்". தொகுப்பாளரின் ஊகம் என்றால் "எனக்குத் தோன்றுவது". ஏழுகிணற்றில் 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்குக் குடிநீர் எடுக்கத் திட்டம் தொடங்கியது என்பது முதல் வகை. அந்தக் கிணறுகளிலிருந்து கோட்டைக்குச் சுரங்கப்பாதை போகிறது என்பது இரண்டாம் வகை. (பழைய சென்னையில் சுரங்கப்பாதை இல்லாத தெருவே கிடையாது, கதையில்.) எங்கள் மாணவர் ஒருவர் சுரங்கப்பாதையை முதல் வகையில் சேர்த்து ஒலிபரப்பிவிட்டார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அழைத்து, அரை மணி நேரம் பொறுமையாகப் பாடம் நடத்தினார். பிறகு அவரையே வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தச் சொல்லிவிட்டோம்.

ஆவணம் தேட எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகலெடுத்ததை ஆவணம் என்று கொண்டுவராதீர்கள்.

காணாமல்போன ஒலிகளை என்ன செய்வது?

கேட்டவர்களின் வாயிலிருந்து எடுக்கலாம். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீட்டு வேலையைத் திட்டமிட்ட பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; சங்கின் ஒலிப்பதிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே அந்தச் சத்தத்தை வாயால் ஊதிக் காட்டச் சொன்னோம். ஏழு பேர் ஏழு விதமாக ஊதினார்கள். ஒருவர் ஊதி முடித்ததும், "அப்பா சைக்கிள் வரும்" என்றார். மதியம் ஒரு மணிக்கு நேரம் சொல்லும்போது இன்றும் அந்த ஏழு ஊதல்களில் ஒன்றைத்தான் போடுகிறோம்.

வானொலி என்பதற்கே சென்னையில் ஒரு மரபு உண்டு அல்லவா? அதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 1924இல் கிருஷ்ணசாமிச் செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்று தொடங்கி, ஆர்வத்தின் பேரில் ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. அவர்களுடைய ஒலிபரப்பி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊரே கேட்டது. 1938 ஜூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆகவே ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் வானொலி, கையில் காசில்லாத வானொலி, பொது இடத்தில் கூடிக் கேட்கும் வானொலி என்பதெல்லாம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. கடற்கரை ஒலிபெருக்கி யோசனையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்: மாதத்தில் ஒரு மாலை, டீக்கடை வாசலில் ஒரு ஸ்பீக்கர், பத்து நாற்காலி. மழை வந்தால் கடைக்குள்.

சமூக வானொலியில் செய்தி சொல்லக் கூடாதாமே. பிறகு எப்படி மக்கள் நம்மைத் தேடுவார்கள்?

சொந்தமாகச் செய்தியும் அரசியல் நிகழ்ச்சியும் கூடாது என்பது உண்மை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பலாம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாற வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் செய்தி இல்லாததால் நினைவுக்கும், கைத்தொழிலுக்கும், சமையலுக்கும், பாட்டுக்கும் இடம் கிடைத்தது. நெத்திலியை மண் இல்லாமல் அலசுவது எப்படி என்று பேசிய பதினைந்து நிமிடத்துக்கு வந்த அழைப்புகள் வேறெதற்கும் வந்ததில்லை.

பழைய பாடல்களைப் போடக் காப்புரிமை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். இங்கே பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு வரையிலும், ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டு வரையிலும் உரிமை நீடிக்கும். இரண்டும் தனித்தனி உரிமைகள். பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. எனவே அவருடைய வரிகளை உங்கள் மாணவர்கள் பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் அதே வரிகளைப் பாடகர் ஒருவர் பாடி, நிறுவனம் வெளியிட்ட பதிவைப் போட்டால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களுக்கும் இதே கணக்கு. நம் குரலில் நாமே பாடிவிட்டால் செலவும் மிச்சம், அடையாளமும் நமது.

நம் ஜிங்கிளை வேறொருவர் எடுத்துக்கொண்டால்?

வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். 2017 விதிகளின்படி ஒலியையும் பதியலாம்: 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கோப்பு, கூடவே சுரக்குறிப்பு. ஒலிபரப்புச் சேவை 38ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். யார் பெயரில் பதிவது என்பதைக் கல்லூரி நிர்வாகத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள். அந்த மாணவர் வாசித்த ஹார்மோனியத்துக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் போட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டாண்டு கழித்துப் போட்டோம். நல்ல பையன் என்பதால் தப்பித்தோம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல்லூரியின் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மணிக்கு ஒருமுறை என்று பேரம் பேசுங்கள். சேர்க்கைக் காலத்தில் கொஞ்சம் தோற்கத்தான் வேண்டியிருக்கும். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை விதியே அனுமதிக்கிறது. கல்லூரி விளம்பரத்தையும் அந்தக் கணக்குக்குள் அடக்குங்கள். ஆலோசனைக் குழுவில் இருக்கும் வட்டார மக்கள் இங்கே துணைக்கு வருவார்கள். எங்கள் குழுவில் வலை பின்னும் அம்மா ஒருவர், "நான் உங்கள் கல்லூரியில் சேரப் போவதில்லை, பாட்டைப் போடுங்கள்" என்று முதல்வர் எதிரிலேயே சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஓராண்டு நிம்மதி.

செலவு எவ்வளவு ஆகும்?

லோகோவுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் காற்றுத் தடுப்பு உறையும் வாங்குங்கள். மிச்சத்தைப் பாட வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அடையாளம் ஊன்றிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கேட்டுப் படிவம் நிரப்பச் சொன்னால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. யாராவது நிலையத்தின் பெயரை மறந்துவிட்டு, இசையை வாயால் முனகி, "இது வருமே, அந்த ரேடியோ" என்று சொன்னால் நம்புவேன். காலடிப்பேட்டைச் சந்தையில் ஒரு சிறுவன் எங்கள் நான்கு சுரத்தையும் சரியாக ஏறி, கடைசியில் இறங்காமல் விட்டுவிட்டு ஓடினான்.

காசிமேட்டில் ஒலிப்பதிவு செய்ய எப்போது போகலாம்? என்ன கொண்டுபோக வேண்டும்?

விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே இருங்கள். ரப்பர்ச் செருப்பு போதும், ஷூ நனைந்துவிடும். கருவியை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள், ஐஸ் தண்ணீர் எல்லாப் பக்கமும் தெறிக்கும். போனதும் மைக்கை நீட்டாதீர்கள். ஏலம் நடக்கும்போது யாரோடும் பேச நேரம் இருக்காது, வழியில் நின்றால் திட்டு விழும். ஒரு ஓரமாக நின்று முதல் அரை மணி கேட்டுக்கொண்டிருங்கள். ஏலம் ஓய்ந்ததும் டீக்கடையில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் முதல் நாள் கூட்டம் தாங்காது. அன்று போனால் பதிவு நன்றாக வராது. ஆனாலும் போய்விட்டு வாருங்கள்.